‘தர இயலாது’ என்று பதில் வந்தால்?
தகவல் உரிமை: வாசகர் கேள்விகள்

கண்மாய்க் கரை பலப்படுத்திய வேலைக்கு மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில் நகல் எல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘ஒப்பந்ததாரர் ஆட்சேபிக்கிறார், பிரிவு 8(1)(ஜே)-படி தர இயலாது’ என்கிறார்கள்.
– வாசகர், மேலூர்

ஒப்பந்ததாரர் வேண்டாம் என்றதால் மட்டும் மறுக்க முடியாது. பிரிவு 11-இன்படி, மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் 10 நாளில் கருத்துச் சொல்லலாம். முடிவெடுக்க வேண்டியவர், மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர்தான். அதுவும், ஒப்பந்ததாரர் ரகசியமாகக் கொடுத்து வைத்த தகவலுக்குத்தான் இந்த நடைமுறை. அளவுப் புத்தகம் அப்படிப்பட்டதல்ல. எந்த இடத்தில் எத்தனை மீட்டர் நீளம், அகலம், உயரம், மொத்தம் எத்தனை கன மீட்டர் மண் என்று துறைப் பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்திடும் அரசு ஆவணம் அது. பில் தொகை அதிலிருந்துதான் வருகிறது. எனவே கேட்டே ஆக வேண்டிய தாள் அது.

தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) முன்புபோல இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மட்டுமே முன்பு மறுக்கலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. இப்போது ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. மக்களுக்கு இது பெரிய இழப்பு. மிஞ்சியிருக்கும் பிடி பிரிவு 8(2): பொதுநலன் மேலோங்கினால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம்.

ஆகவே மேல்முறையீட்டில் பொதுநலன் என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். செலவானது பொதுப்பணம், கரை பலவீனமாக இருந்தால் ஊருக்கும் ஆயக்கட்டுக்கும் ஆபத்து. ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண், பான் எண்ணை மறைத்துவிட்டு மீதியைப் பிரிவு 10-இன்படி தரும்படி நீங்களே கேளுங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போக வேண்டும், கட்டணம் கிடையாது. மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பதை மறுப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும். எழுதவில்லையா, அதையும் ஒரு குறையாகச் சேருங்கள்.

ரேஷன் கடைப் புகார் பற்றிக் கேட்டதற்கு ‘விசாரணை நிலுவையில் உள்ளது, 8(1)(எச்)’ என்று ஒரே வரியில் பதில்.
– வாசகர், உசிலம்பட்டி

விசாரணை நடக்கிறது என்பது காரணமாகாது. தகவல் கொடுத்தால் விசாரணைக்கு எப்படி இடையூறு வரும் என்று அலுவலர் காட்ட வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே இதைச் சொல்லிவிட்டது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலர் தலையில்தான், பிரிவு 19(5).

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்பதால்தான் இந்த ஒற்றை வரிப் பதில் வருகிறது. இருப்புப் பதிவேட்டின் நகல், புகார் எந்தத் தேதியில் யாரிடம் போனது என்ற விவரம் இரண்டையும் தனி மனுவாகப் போடுங்கள். இவை விசாரணைக்கு முன்பே உள்ள தாள்கள். விசாரணை அறிக்கையை முடிந்த பிறகு கேளுங்கள். சாட்சி சொன்னவர்களின் பெயரைக் கேட்க வேண்டாம். ரகசியமாகத் தகவல் சொன்னவரை 8(1)(ஜி) காக்கிறது, அது நியாயமும்கூட.

பட்டா மாறுதல் மனுவை ஏன் தள்ளுபடி செய்தீர்கள் என்று கேட்டால், ‘இது தகவல் அல்ல’ என்கிறார்கள்.
– வாசகர், திருமங்கலம்

‘ஏன்’ என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். பதிவாகி இருப்பதைத் தருவதுதான் அலுவலரின் கடமை. புதிதாக விளக்கம் எழுத வேண்டியதில்லை. தள்ளுபடி உத்தரவு, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, நில அளவர் அறிக்கை, கோப்பின் குறிப்புப் பக்கங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காரணம் அந்தக் குறிப்புப் பக்கங்களில் இருக்கும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்துவிட்டு வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் வாங்கினால் செலவு மிச்சம்.

லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தகவலே கேட்க முடியாதா?
– வாசகர், செல்லூர்

2008-இல் தமிழக அரசு, பிரிவு 24(4)-இன்கீழ் அந்தத் துறைக்கு விலக்கு கொடுத்தது. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது. குற்றச்சாட்டு என்ன என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.