மாதர் கூட்டத்தில் பேசுவதற்கு, வேதாகமத்தில் தென்தேசத்து ராஜஸ்திரீயை எங்கே தேடுவது?

1 இராஜாக்கள் 10:1–13. அதே கதை 2 நாளாகமம் 9:1–12இலும் இருக்கிறது.

மத்தேயு 12:42இல் ‘தென்தேசத்து ராஜஸ்திரீ’ என்று வருவதால் அந்தப் பெயரிலேயே தேடியிருப்பீர்கள். பழைய ஏற்பாட்டில் அவர் சேபாவின் ராஜஸ்திரீ. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியம் என்றால், புத்தகத்தின் பெயரே ‘1 அரசர்கள்’.

மாதர் கூட்டத்துக்கு 1, 7ஆம் வசனங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சாலொமோன் ராஜாவின் ஞானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவர் நம்பவில்லை. ஒட்டகங்களோடு நேரில் வந்து, விடுகதை போட்டுச் சோதித்து, மனதில் இருந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பாதிகூட எனக்குச் சொல்லப்படவில்லை என்கிறார். அந்த இடத்தில் நில்லுங்கள். அவர் ராஜாவுக்குக் கொடுத்த 120 தாலந்து (பழைய எடை அளவு) பொன்னை எடுத்தால் பேச்சு கொழும்பின் நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்குப் போய்விடும்!

அப்புறம் ஒன்று: சாலொமோனுக்கும் அவருக்கும் மகன் பிறந்தான் என்பது எத்தியோப்பிய மரபு. வேதாகமத்தில் இல்லை.