புதிதாக வந்த மாணவி வகுப்பில் பேசுவதே இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

ஒன்பதாம் வகுப்பாசிரியர் ஒருவர் கேட்கிறார்: ஆண்டின் நடுவே வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்த மாணவி, மூன்று மாதமாகியும் வாய் திறப்பதில்லை. இடைவேளையில் தனியாகத்தான் இருக்கிறாள். பண்பாட்டு விழா நடத்தினோம். தன் ஊர் உடையில் வந்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் பழையபடியே. வேறென்ன செய்யலாம்?

முதலில் அந்த மௌனம் எந்த வகை என்று பாருங்கள். புது மொழிக்குள் நுழைகிறவர்கள் சில வாரம், சிலர் சில மாதம், கேட்பதோடு நின்றுகொள்வது இயல்பு. வீட்டில் கலகலப்பாகப் பேசுகிறாள், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாள், கணக்கிலும் விளையாட்டிலும் ஈடுபடுகிறாள் என்றால் பெரும்பாலும் மொழிதான் தடை. வீட்டிலும் ஒதுங்கியிருக்கிறாள், தூக்கமும் பசியும் மாறிவிட்டன, தலைவலி வயிற்றுவலி என்று அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள், இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் பள்ளி ஆலோசகரிடம் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, பள்ளிக்குள் தாய்மொழி தெரிந்தவரிடமும் பேசவில்லை என்றால் அது பதற்றத்தால் வரும் பேசாமையாக இருக்கலாம். அதற்கும் ஆலோசகர் வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே பொறுப்பானவரிடம் சொல்லிவிடுங்கள். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

விழா ஏன் பலிக்கவில்லை? வேறுபட்ட குழுக்களுக்கிடையே வெறுப்பு குறைய வேண்டுமானால் சம மதிப்பு, பொது இலக்கு, கூட்டுழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். மேடையில் நிற்பவளுக்கும் கைதட்டுபவர்களுக்கும் இடையே பொது இலக்கு என்று எதுவும் இல்லை. “உங்கள் நாட்டில் இது எப்படி?” என்று வகுப்பு நடுவே கேட்பதும் இதே ரகம்தான். பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு நாட்டுக்கே பிரதிநிதி ஆகிவிடுகிறது.

அந்த நான்கையும் அன்றாடப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. வெவ்வேறு இன மாணவர்கள் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்காரத் தொடங்கியிருந்த பள்ளிகளுக்காக, உளவியலாளர் எலியட் அரான்சன் 1971-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்) வகுப்பு அது. ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பாடத்தையும் ஐந்து பகுதியாக்கி, ஆளுக்கொரு பகுதி கொடுங்கள். தன் பகுதியைப் படிக்க 5 நிமிடம். பிறகு எல்லாக் குழுவிலும் அதே பகுதியை வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி 10 நிமிடம் பேசி ஒத்திகை பார்ப்பார்கள். சொந்தக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 4 நிமிடம் விளக்குவார்கள். கடைசி 10 நிமிடம் தனித்தனியே சிறுதேர்வு. 45 நிமிடப் பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

நேரமில்லை என்று பலர் வெட்டுவது அந்த ஒத்திகையைத்தான். உங்கள் மாணவிக்கு உயிர்நாடியே அதுதான். சொல்லவேண்டிய வாக்கியங்களை அங்கே காதால் கேட்டு, எழுதி வைத்துக்கொள்வாள். அது இல்லாமல் பேசவிட்டால் தடுமாறுவாள், குழு பொறுமை இழக்கும். இன்னொரு தவறு, குழுவுக்கு மொத்தமாக மதிப்பெண் போடுவது. “இவளால் எங்களுக்கு மார்க் போச்சு” என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. ஒரே குழுவை ஆறு வாரமாவது மாற்றாமல் வைத்திருங்கள்.

குழுவில் யாரைச் சேர்ப்பது? “யாருடன் உட்கார விருப்பம், மூன்று பெயர்” என்று எல்லோரிடமும் தாளில் எழுதி வாங்குங்கள். யாரைப் பிடிக்காது என்று கேட்கவே வேண்டாம். அவள் யார் பெயரை எழுதுகிறாளோ, அவர்களில் ஒருவராவது அவள் குழுவில் இருக்கட்டும். இடைவேளைத் துணைக்கு ஒருவரை நியமிக்காமல் இருவராகப் போடுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் வராத நாளில் இவள் மறுபடி தனிமரம். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைவிட, நிதானமாகப் பேசும் பிள்ளை இதற்குத் தோது.

வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வில் கண்டார். மூன்று விநாடியாக நீட்டியபோதே பதில்கள் விரிவாகின. இவளுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுங்கள். நாளை கேட்கப்போகும் கேள்வியை இன்றே எழுதிக் கொடுத்துவிடுவது அதைவிட நல்லது. பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவளிடமே கேட்டு, மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள். வாய்க்கு வரவில்லை என்று சுருக்கிக் கூப்பிடாதீர்கள்.

சில மாதத்தில் அரட்டை அடிக்கத் தொடங்கிவிடுவாள். உதவியை அப்போது நிறுத்திவிடாதீர்கள். அன்றாடப் பேச்சு ஓரிரு ஆண்டில் கைவரும். பாடநூல் மொழிக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகும் என்பது இரண்டாம் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வு முடிவு. அதுவரை அறிவியல் தேர்வில் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

பெற்றோர் சந்திப்பில் மொழிபெயர்க்க அவளையே உட்கார வைக்க வேண்டாம், பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்ல எந்தப் பிள்ளையும் விரும்பாது, பாதியை விழுங்கிவிடும்.

ஆறு வாரம் கழித்து அந்த மூன்று பெயர்த் தாளை மறுபடி வாங்குங்கள். ஒரே ஒரு தாளில் அவள் பெயர் வந்திருந்தாலும், எழுதிய பிள்ளையை அடுத்த குழுவிலும் அவளோடு வையுங்கள். ஒன்றிலும் வரவில்லை என்றால் குழுவைக் கலைத்து அமைத்து, ஆலோசகரிடமும் பேசிவிடுங்கள்.