கல்லூரி திறக்கும் முன் ஒரு மாதம்

கேள்வி: கண்டனூரிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். அடுத்த மாதம் காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் சேருகிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். இதுவரை மனப்பாடம் செய்தே படித்தேன். பயமாக இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?

பதில்: அந்த வகுப்பு பிறகு இருக்கட்டும் அம்மா. முதல் வருடம் உங்களுக்கு வேண்டியது, ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, அதைச் சொந்தமாக எழுதத் தெரிவதுதான். பேச்சு தானாக வரும்.

பதினோராம் வகுப்பு வேதியியல் தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதே புத்தகத்தின் ஆங்கில வழிப் பிரதியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இரண்டிலும் பாடமும் வரிசையும் ஒன்றே. ஒரு பத்தியைத் தமிழில் படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். நாளுக்கு இரண்டு பக்கம் தாராளம்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் சரி. எழுதியபின் திறந்து பார்த்து, விட்டதைச் சேருங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரு தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதியவர்களுக்கோ 61 சதவீதம். திரும்பத் திரும்பப் படிக்கும்போது மனதில் பதிந்துவிட்டது போலத் தோன்றும். அதை நம்பக் கூடாது.

கணக்கில் மடக்கையைத் தூசி தட்டுங்கள். ஆங்கிலத்தில் லாக் என்பார்கள். வேதியியலில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பிஹெச் என்பது அமிலத்தன்மையை மடக்கைக் கணக்கில் சொல்லும் அளவு. பிஹெச் 3 உள்ள கரைசலில், பிஹெச் 5 உள்ளதைவிட ஹைட்ரஜன் அயனிச் செறிவு 100 மடங்கு அதிகம். ஏன் இரண்டு மடங்கு இல்லை என்று உங்கள் தம்பி தங்கைக்கு விளக்க முடிந்தால், மடக்கை கைக்கு வந்துவிட்டது. அலகு மாற்றுவதையும் வரைபடம் படிப்பதையும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

வகுப்பில் சொல்வதையெல்லாம் எழுத முயலாதீர்கள். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்து, அன்று மாலையே ஆசிரியரிடமோ தோழியிடமோ கேளுங்கள். கேட்டால் ஏளனமாக நினைப்பார்களோ என்ற கூச்சம், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளை வாட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்பது உங்கள் உரிமை.

தேர்வைத் தமிழில் எழுதலாமா என்றும் முதல் வாரமே துறையில் விசாரியுங்கள். அனுமதி இருந்தால், ஆங்கிலம் கைகூடும் வரை அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே உள்ள மத்திய அரசின் ஆய்வகம் அது. பொதுமக்களை உள்ளே விடும் நாள் எது என்று கேட்டுவைத்து, தோழிகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.