வாசகர் கேள்வி: திகைப்போடு கீழ்ப்படிவது அவிசுவாசமா?

கேள்வி: தேவன் தந்த வாக்குத்தத்தம் நிறைவேறுவதற்கு எந்த அறிகுறியும் தெரியாத நிலையில், உள்ளத்தில் கலக்கத்தோடு அவருக்குக் கீழ்ப்படிவது அவிசுவாசமாகுமா?

பதில்: ஆகாது. எரேமியா 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் 10-ஆம் ஆண்டில், பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி, கர்த்தருடைய வார்த்தையின்படி, தம் சொந்த ஊரான ஆனதோத்திலிருந்த உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகள் முன்னிலையில் பத்திரத்தில் முத்திரையிட்டு, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தரான பாருக்கிடம் ஒப்படைத்தார். நாடே பறிபோகும் வேளையில் எவரும் செய்யத் துணியாத கொள்முதல் அது!

அவர் திகைப்பை மறைக்கவில்லை என்பதே எனக்கு மிகவும் ஆறுதலானது. பத்திரத்தை ஒப்படைத்த பின்னரே, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் விழப்போகிறதே, ஆயினும் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் கேட்கிறார். கர்த்தர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாமல், இத்தேசத்தில் மீண்டும் நிலங்கள் வாங்கப்படும் என்ற வாக்கையே உறுதிப்படுத்துகிறார். ஆகவே, உங்கள் கலக்கத்தை ஜெபத்தில் சொல்லுங்கள். செய்யவேண்டியதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

பின்னர் எரேமியா எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த நிலத்தை அவர் அனுபவித்ததாக வேதம் கூறவில்லை. ஆனால், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களை எஸ்றா 2-ஆம் அதிகாரம் கணக்கிடும்போது, ஆனதோத்தின் மனிதர் 128 பேர் அதில் இருக்கிறார்கள்.