ஜார்ஜியாவின் பெயர் சொல்லும் பாடல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக அட்லாண்டாவில் இருக்கிறாள். வரும் கோடையில் இரண்டு மாதம் அவளுடன் தங்கப் போகிறேன். நீங்களும் அந்தப் பக்கம் போய் வந்ததாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். ஜார்ஜியா மாநிலத்தைப் பெயர் சொல்லிப் பாடும் பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? அதோடு தொடர்புள்ள இடம் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

பதில்: கறுப்பின அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸ் 1960இல் பாடிய 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் அந்தப் பாட்டு அவருக்காகப் பிறந்ததன்று. இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹோகி கார்மைக்கேல் இசையமைக்க, அவருடன் கல்லூரியில் ஒரே காலத்தில் படித்த ஸ்டூவர்ட் கோரெல் சொல் எழுதி, 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நியூயார்க்கில் அது முதன்முதலாக ஒலிப்பதிவானது. ஜார்ஜியாவைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டலாமே என்று தூண்டியவர் சாக்ஸபோன் கலைஞர் பிராங்கி டிரம்பாவர் என்று கார்மைக்கேலே எழுதியிருக்கிறார். கார்மைக்கேலின் தங்கையின் பெயரும் ஜார்ஜியா என்பதால், பாடப்படுவது பெண்ணா மாநிலமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பைன் மரங்களுக்கிடையே வழியும் நிலவொளியும், எந்தத் திசையில் போனாலும் அவளிடமே திருப்பிக் கொண்டுவந்து விடும் சாலையும் ஒரே பாட்டில் வரும்போது, பெண்ணையும் மண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை.

அந்த ஒலிப்பதிவு நடந்து எட்டே நாட்கள் கழித்து, செப்டம்பர் 23ஆம் நாள், ஜார்ஜியாவின் தென்மேற்கில் உள்ள ஆல்பனி என்னும் ஊரில் ரே சார்லஸ் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பக்கத்து மாநிலமான புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. ஏழு வயதுக்குள் பார்வையும் போய்விட்டது. பிறந்த மண்ணைப் பற்றிய நினைவு எதுவும் அவருக்கு இருந்திருக்க வழியில்லை. அமெரிக்க ஊர்களையும் மாநிலங்களையும் பற்றிய பாடல்களாகவே தொகுத்து ஓர் இசைத்தட்டு வெளியிட முனைந்தபோதுதான், இருபத்தொன்பது வயதில், தனக்கு எட்டு நாள் மூத்த இந்தப் பாட்டை அவர் எடுத்துப் பாடினார். ஒவ்வொரு முறையும் 'ஜார்ஜியா' என்ற சொல்லை அவர் வேறு வேறு விதமாக இழுப்பார்; முதல் முறை கூப்பிடுவதுபோல இருக்கும், கடைசி முறை தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல இருக்கும்.

2014ஆம் ஆண்டு கோடையில் அட்லாண்டாவுக்கு அருகே தம்பி வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். ஆல்பனிக்குப் போக வேண்டும் என்று நான் கேட்டபோது, "அங்கே போய் என்னக்கா பார்க்கப் போறே?" என்று தம்பி வியந்தாலும், ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றுவிட்டான். ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தொலைவு. மேக்கன் நகரைத் தாண்டித் தெற்கே போகப் போக மண் சமவெளியாகி, வேர்க்கடலை வயல்களும், வரிசை பிசகாமல் நட்ட பெக்கான் தோப்புகளும் வந்தன. சாலையோரக் கடை ஒன்றில் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்த கடலையைப் பெரிய அண்டாவிலிருந்து கரண்டியால் அள்ளிக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பை நனைந்து அடி கிழிவதற்குள் தின்று முடித்தோம். காரை விட்டு இறங்கும் இடமெல்லாம் கண்ணைச் சுற்றிப் பொடிப் பூச்சிகள் மொய்க்கும். உள்ளூர்க்காரர்கள் கையை அசைக்காமல், வாயின் ஓரத்தால் 'ஃபூ' என்று மேல்நோக்கி ஊதியே அவற்றை விரட்டுகிறார்கள். உங்கள் மகளிடம் சொல்லி, பூச்சி விரட்டும் களிம்பு ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளின்ட் ஆற்றங்கரையில் ரே சார்லஸ் பெயரால் ஒரு திறந்த முற்றம் அமைத்திருக்கிறார்கள். நடுவில், பியானோவின் முன் அமர்ந்து தலையைச் சற்று மேலே தூக்கிப் பாடும் நிலையில் வெண்கலச் சிலை. பீடம் மெல்லச் சுழல்கிறது, சுற்றிலும் நீர் வழிகிறது, அவருடைய பாடல்கள் தாழ்ந்த ஒலியில் கேட்கின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு ஏற்றும் நேரம். முகம் மெதுவாக நம்மை விட்டுத் திரும்பிப் போய், முதுகு மட்டும் தெரிந்து, பிறகு மறுபக்கமாக அந்தக் கறுப்புக் கண்ணாடி மீண்டும் வருவதற்குள் ஒரு முழுப் பல்லவியே கடந்துவிடுகிறது. அந்தச் சுற்றை நான் ஐந்தாறு முறை பார்த்திருப்பேன். பகலில் போகாதீர்கள், மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

கேள்வி: 'ரே' திரைப்படத்தில், வெள்ளையர், கறுப்பர் பாகுபாட்டை எதிர்த்ததற்காக ரே சார்லஸை ஜார்ஜியா மாநிலம் வாழ்நாள் முழுவதும் தடை செய்ததாகக் காட்டினார்கள். அது உண்மையா?

பதில்: எதிர்ப்பு உண்மை, தடை உண்மையன்று. 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் அகஸ்டா நகரில் அவர் இசைக்கவிருந்த நடன நிகழ்ச்சியில், ஆடுதளம் வெள்ளையருக்கு மட்டுமே என்றும் கறுப்பர்கள் மாடத்தில் இருந்து பார்க்கலாம் என்றும் ஏற்பாடாகியிருந்ததை அறிந்ததும் அவர் பாட மறுத்துவிட்டுப் புறப்பட்டார். ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கு நடந்து, 1962இல் அவருக்கு 757 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே, 1963 அக்டோபரில், பாகுபாடு நீக்கப்பட்ட அதே அரங்கில் அவர் பாடினார். 1979ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் மாநிலச் சட்டமன்றத்திலேயே 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' பாட்டைப் பாடினார். ஏப்ரல் மாதம் அது ஜார்ஜியாவின் அதிகாரபூர்வ மாநிலப் பாடலாயிற்று. நடந்ததை நடந்தபடியே காட்டியிருந்தாலும் அந்தக் கதையின் பெருமை ஒரு துளியும் குறைந்திருக்காது என்பதே என் எண்ணம்.

கேள்வி: 'டெவில் வென்ட் டவுன் டு ஜார்ஜியா' பாட்டை நீங்கள் ஒருபோதும் குறிப்பிடுவதே இல்லையே, ஏன்?

பதில்: சார்லி டேனியல்ஸ் 1979இல் தந்த அந்தப் பாட்டின் வயலின் வேகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சாத்தானும் சிறுவனும் போட்டியிட ஒரு களம் வேண்டியிருந்தது, அதற்கு ஜார்ஜியா கிடைத்தது, அவ்வளவுதான். பெயரை மாற்றினால் பாட்டு நின்றுவிடாது.

கேள்வி: 'மிட்நைட் டிரெயின் டு ஜார்ஜியா' முதலில் விமானத்தைப் பற்றிய பாட்டாக இருந்தது என்கிறார்களே?

பதில்: ஆம், 'ஹூஸ்டனுக்கு நள்ளிரவு விமானம்' என்பதே பழைய தலைப்பு. அதை எழுதிய ஜிம் வெதர்லி, நடிகை ஃபாரா ஃபாசெட்டுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, நள்ளிரவு விமானத்தில் ஊருக்குப் போவதாக அவர் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து பாட்டைக் கட்டினார். அதைப் பாட வந்த சிஸ்ஸி ஹூஸ்டன்தான் ரயிலாகவும் ஜார்ஜியாவாகவும் மாற்றக் காரணமானவர். தன் குடும்பத்து மூத்தவர்கள் ஜார்ஜியாக்காரர்கள், அவர்கள் விமானத்தில் போனவர்கள் அல்லர், ரயிலில்தான் போனார்கள் என்பது அவருடைய வாதம். எனக்கு இது சிறிய திருத்தமாகத் தோன்றவில்லை. பிழைப்புத் தேடி வடக்குக்கும் மேற்குக்கும் போன பல்லாயிரம் கறுப்பினக் குடும்பங்களின் பயணம் அந்த ஒரே சொல்லால் பாட்டுக்குள் வந்துவிட்டது. 1973இல் அதைப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுசென்ற கிளாடிஸ் நைட் அட்லாண்டாவிலேயே பிறந்தவர். வெற்றி கைகூடாமல் ஊர் திரும்பும் ஒருவனை இழிவாகப் பேசாமல், அவனோடு சேர்ந்து வண்டி ஏறுவேன் என்கிற பெண்ணின் குரல் அது.

இதே வரிசையில் 'ரெய்னி நைட் இன் ஜார்ஜியா' பாட்டையும் கேளுங்கள். அதை எழுதிய, லூயிசியானாவைச் சேர்ந்த டோனி ஜோ வைட், அட்லாண்டாவுக்கு அருகில் உள்ள மரியெட்டாவில் சாலைத் துறையின் லாரி ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர். மழை பெய்தால் வேலை இல்லை, வீட்டில் கிடாரோடு இருக்கலாம். அந்த மழை இரவுகளே பிற்காலத்தில் பாட்டாயின. புரூக் பென்டன் 1970இல் பாடிப் புகழ் சேர்த்தார். ஆல்பனியிலிருந்து இரவில் திரும்பும்போது எங்களுக்கும் அப்படியொரு மழை. கண்ணாடித் துடைப்பான் முழுவேகத்தில் அடித்தும் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்ததால், தம்பி ஓய்வு நிறுத்தம் ஒன்றில் வண்டியை ஒதுக்கினான். சக்கரத்தடங்களில் தேங்கிய நீர் செங்காவி நிறமாக ஓடியது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்தோம்; மழைக்குப் பிறகு பைன் மரங்களிலிருந்து எழும் பிசின் மணத்தை அன்றுதான் அறிந்தேன்.

கேள்வி: பாடகர் ஓடிஸ் ரெடிங் பாட்டில் ஜார்ஜியா ஒரே ஒரு வரியில்தானே வருகிறது? அதையும் உங்கள் பட்டியலில் சேர்ப்பீர்களா?

பதில்: அந்த ஒரு வரிக்காகவே சேர்ப்பேன். 'டாக் ஆஃப் த பே' பாட்டில், ஜார்ஜியாவில் வீட்டை விட்டுவிட்டு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு வந்து, படகுத்துறையில் சும்மா அமர்ந்து அலைகளை எண்ணும் ஒருவன் பேசுகிறான். ரெடிங் ஜார்ஜியாவில் டாசன் என்னும் சிற்றூரில் பிறந்து மேக்கனில் வளர்ந்தவர். பாட்டைப் பதிவுசெய்து சில நாட்களிலேயே, 1967 டிசம்பர் 10ஆம் நாள், விஸ்கான்சினில் ஓர் ஏரியில் விமானம் விழுந்து இறந்தார், வயது 26. பாட்டு அவர் இறந்த பின், 1968இல் வெளியாகி முதலிடம் பெற்றது. இறுதியில் அவர் அடிக்கும் சீழ்க்கையைக் கேட்கும்போது, வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் அவனுக்கு இருந்ததா இல்லையா என்று நான் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

ஆல்பனிக்குப் போகும் வழியில் மேக்கனில் நின்று, ஒக்மல்கி ஆற்றோரம் இருந்த அவருடைய சிலையைப் பார்த்தோம். கிடாரோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன் வந்திருந்த யாரோ, சிலையின் அருகில் ஒரு பைன் காயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தான்.