மாடியில் ஐந்து நாற்காலிகள்

கேள்வி: நானும் நண்பர்கள் நால்வரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் கூடி சிகார் பிடிக்கிறோம். கியூபா, நிகரகுவா, டொமினிகன் என்று ருசி பார்க்கிறோம். சிகரெட் மாதிரி அவசரம் இல்லை, புகையை உள்ளே இழுப்பதும் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஆண்கள் மனம்விட்டுப் பேச வேறு இடம் ஏது? இப்போது என் அக்கா மகனும் வந்து சேர்ந்திருக்கிறான், வயது 23. காபிக்கும் பிரியாணிக்கும் பக்கம் பக்கமாக எழுதும் உங்கள் இதழ், இந்த ரசனைக்கும் மாதம் ஒரு பகுதி ஒதுக்கினால் என்ன?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒதுக்க மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் பாதி உண்மை. அந்தப் பாதிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

கையால் சுற்றிய நல்ல சிகார் அருமையான கைவேலை. கியூபாவின் மேற்குக் கோடியில் வுவெல்டா அபாஹோ என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரே செடியின் இலைகளுக்குத் தனித்தனி வேலை: அடி இலை நன்றாக எரிவதற்கு, நடு இலை மணத்துக்கு, வெயிலை முழுசாக வாங்கிக்கொண்டு உச்சியில் நிற்கும் இலை காரத்துக்கு. மேலே போர்த்தும் இலைக்கென்றே வளர்க்கிற செடிகளுக்கு மெல்லிய துணிப் பந்தல் போடுகிறார்கள். நேர் வெயில் பட்டால் இலை தடித்துவிடும். பறித்த இலையை உலர்த்தி, அம்பாரமாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். அந்தச் சூட்டில் அம்மோனியா வெளியேறி, நெடி தணிந்து, மணம் ஏறும். பெட்டிக்குள் போன பிறகும் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் இலை வெடிக்கும், கூடினால் பூஞ்சை பிடிக்கும். இத்தனை பாடுபட்ட பொருளை அவசரமாக ஊதித் தள்ளவும் முடியாது. நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும். நடுத்தர அளவில் ஒன்று முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும்.

உங்கள் மாடியில் நடக்கும் நல்லதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தால்தான் நடக்கிறது என்பது என் கட்சி. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்துவிட்டீர்கள். பாதியில் எழுந்து போக யாருக்கும் மனம் வராது. போனை எடுக்கக் கை ஒழியாது. பேச்சு நின்றுபோனாலும் சங்கடமில்லை. அப்புறம் மெல்ல ஒருவர் தன் கடனைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் பேசாமல் போன மகனைப் பற்றி. அதை நீங்கள் சுருட்டின் கணக்கில் எழுதுகிறீர்கள்.

சுருட்டின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் புகைத்தவர்களுடையது அல்ல, சுற்றியவர்களுடையது. 1865-ல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து இலை சுற்ற, அவர்களில் ஒருவர் உரத்த குரலில் வாசித்தார். பத்திரிகை, அரசியல், அப்புறம் நாவல். வாசிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். முதலாளி ஒரு காசு தரவில்லை. இதனால் ஆட்களுக்குப் புத்தி வந்துவிடும் என்று பயந்த ஸ்பானிய அரசு அடுத்த வருடமே தடை போட்டது. வழக்கம் சாகவில்லை, கடல் தாண்டி ஃபுளோரிடாவின் டாம்பா வரை போனது. நம் பக்கத்திலேயே யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் இதே காட்சிதான்: ஒருவர் பத்திரிகையும் தொடர்கதையும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத எத்தனையோ பேர் அங்கே உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் தேடுகிற தோழமை அதுதான். அதற்கு யாரும் எதையும் கொளுத்த வேண்டியிருக்கவில்லை.

கொளுத்திய கூட்டத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1902-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்ட் தன் வீட்டில் புதன்கிழமை இரவுகளில் சில நண்பர்களைக் கூட்டினார். காபி, சுருட்டு, சாம்பல் கிண்ணங்கள், நள்ளிரவு வரை வாதம். நோயாளியைப் பேசவைத்தே அவர் மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு என்ற முறை ஓர் இயக்கமாக வளர்ந்தது அந்த அறையிலிருந்துதான். ஒரு நாளைக்கு இருபது சுருட்டு வரை பிடித்தவர் அவர். 1923-ல் வாயின் மேலண்ணத்தில் புற்றுநோய். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். அண்ணத்தை வெட்டி எடுத்த இடத்தில் செயற்கைத் தகடு பொருத்தினார்கள்; பேசுவதும் சாப்பிடுவதும் வேதனையானது. அப்போதும் அவரால் சுருட்டை விட முடியவில்லை. 1939-ல் இறந்தார். மனித மனத்தின் பழக்கங்களை அத்தனை ஆழமாகப் பார்த்தவருக்கே தன் பழக்கத்திலிருந்து மீள வழி கிடைக்கவில்லை.

'உள்ளே இழுப்பதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நோய் வாயில் வந்தது என்பதைக் கவனியுங்கள். சிகார் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் நிகோட்டின் ரத்தத்தில் கலக்க நுரையீரல் தேவையில்லை, வாயின் உட்தோலே போதும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய மூன்றுக்கும் புற்றுநோய் ஆபத்து. மாதம் ஒன்று பிடிப்பவருக்கும் தினமும் பிடிப்பவருக்கும் ஆபத்து ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த அளவுவரை பாதகமில்லை என்று எந்த மருத்துவரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்.

நீங்கள் ஐம்பது வயதுக்காரர்கள். தெரிந்து செய்கிறீர்கள், சரி. என்னை உறுத்துவது உங்கள் மருமகன். 23 வயதுப் பையன் மாமாவின் மாடிக்கு ஏறி வந்தது எதற்காக? பெரியவர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசுவதைக் கேட்க, தன்னையும் ஓர் ஆளாக மதிப்பதைப் பார்க்க. அந்த இடத்தை அவனுக்கு நீங்கள் வெறும் கையோடு வந்தாலே கொடுத்திருக்கலாம். வாயில் சுருட்டு இருந்தால்தான் இந்த வட்டத்தில் இடம் என்று அவன் இப்போது நினைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் மாதம் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். நிகோட்டின் அவனை எங்கே நிறுத்தும் என்பதற்கு உங்களால் உத்தரவாதம் தர முடியுமா? அவனுக்கு நீட்டுவதை அடுத்த சனிக்கிழமையே நிறுத்துங்கள், ஆனால் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பத்திரிகைப் பகுதி விஷயம். புகையிலைப் பொருளுக்கு விளம்பரம் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாதாமாதம் எந்த சிகார் எப்படி ருசிக்கிறது என்று எழுதினால் அது விளம்பரம் இல்லாமல் வேறென்ன? சட்டம் இல்லாவிட்டாலும் போட மாட்டேன்.

வேறொன்று போடுவேன். திருச்சி சுருட்டு என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் வரை தெரியும். உறையூரில் அதைக் கையால் சுற்றியவர்கள் இன்று மிகச் சிலராகக் குறைந்துவிட்டார்கள். அவர்களுடைய கூலி என்ன, முதுகும் கண்ணும் எப்படி இருக்கின்றன, பிள்ளைகள் எந்த வேலைக்குப் போனார்கள், அங்கேயும் யாராவது வாசித்துக் காட்டினார்களா? உங்களுக்கு இலை தெரியும், எழுதவும் வருகிறது. மருமகனையும் கூட்டிக்கொண்டு போய் நாலு நாள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். எட்டுப் பக்கம் ஒதுக்குகிறேன். பொங்கல் இதழில் வர வேண்டுமென்றால் நவம்பர் கடைசிக்குள் கட்டுரை என் மேசையில் இருக்க வேண்டும்.