அடித்தவர் வக்கீல் என்றால் பார் கவுன்சில் கேட்குமா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வழக்கறிஞர். அவர் எங்களுக்காக எந்த வழக்கும் நடத்தியதில்லை. பொதுச்சுவர் தகராறில் என் கணவரை இரும்புக் குழாயால் அடித்துவிட்டார், ஆறு தையல். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. "பார் கவுன்சிலில் சொல்லி அவர் பதிவை ரத்து செய்ய வைக்கிறேன், 25,000 ரூபாய் ஆகும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு பைசா கூட.

வக்கீல்களைப் பதிவு செய்து, தவறு செய்தால் நடவடிக்கையும் எடுக்கிற அமைப்புதான் பார் கவுன்சில். அங்கே புகாரை நீங்களே தரலாம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவு, தொழில் சார்ந்த தவறான நடத்தையோடு "வேறு தவறான நடத்தை"யையும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் அவருடைய கட்சிக்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நடந்த அடிதடியும் அதற்குள் வரலாம்.

புகாரைத் தர வேண்டிய இடம், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். உங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கம் அல்ல. இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். சங்கத் தலைவரிடம் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பார்கள். அவரால் யாருடைய பதிவிலும் கை வைக்க முடியாது; டீ வாங்கிக் கொடுத்து சமரசம் பேசுவார், அவ்வளவுதான். உங்கள் "தெரிந்தவர்" அந்தச் சங்க அறையைச் சுற்றி வருகிறவராகத்தான் இருப்பார் என்பது என் ஊகம். இன்று உங்களிடம் வாங்குவார். நாளை வாபஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி அந்த வக்கீலிடமும் வாங்குவார். சமரசமாகிவிட்டது, வாபஸ் பெற்றுவிட்டார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதை அவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

எஃப்.ஐ.ஆர். இருந்தாலே பதிவு போய்விடும் என்று நினைக்காதீர்கள். தண்டனையே கிடைத்தாலும் தானாகப் போகாது. அதே சட்டத்தின் 24ஏ பிரிவைக் காட்டி "தண்டனை பெற்றவர் வக்கீலாக இருக்க முடியாது" என்பார்கள். அந்தப் பிரிவு புதிதாகப் பதிவு செய்ய வருகிறவர்களுக்கானது. அதுவும் ஒழுக்கக்கேடான குற்றமாக இருக்க வேண்டும். மோசடி, போலி ஆவணம் போன்றவை அதில் சேரும், ஹெல்மெட் அபராதம் சேராது. விடுதலையாகி இரண்டு வருடம் கழிந்தால் அந்தத் தடையும் தீர்ந்துவிடும். ஏற்கெனவே பதிவு செய்தவரை நீக்க 35-வது பிரிவில் விசாரணை நடந்தே ஆக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 1971-ல் ஒரு வக்கீல் எதிராளியைக் கத்தியால் குத்தினார். கொலை முயற்சிக்கு மூன்று ஆண்டு தண்டனை. அவருக்கே பார் கவுன்சில் கொடுத்தது சில ஆண்டுத் தடைதான். பெயரை நீக்க 1997-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது!

ஆகவே உங்கள் விஷயத்தில் கண்டிப்போ, சில காலத் தடையோ எதிர்பார்க்கலாம். விசாரிக்கப் போகிற பார் கவுன்சில் கமிட்டியின் மூன்று பேரும் வக்கீல்கள். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் வழக்கு டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது சட்டம். தாமதம் செய்வது கமிட்டி. டெல்லி வரை அலையும் கவலை நாமக்கல்காரருக்கு. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ரயில் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், சுவரையும் மருத்துவச் செலவையும் பார் கவுன்சில் தீர்க்காது. அவற்றுக்கு நீதிமன்றம்தான்.

புகாரில் தேதி, நேரம், நடந்தது, பார்த்த சாட்சிகள் ஆகியவற்றை எழுதி, சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ஏ.ஆர். (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) காப்பி இரண்டையும் இணையுங்கள். எத்தனை பிரதி, எவ்வளவு கட்டணம் என்று கவுன்சில் அலுவலகத்தில் கேட்டு அங்கேயே கட்டி ரசீது வாங்குங்கள். அவருடைய பதிவு எண் தெரிந்தால் எழுதுங்கள். அவர் லெட்டர்பேடில் பெரும்பாலும் இருக்கும்.